"அந்தச் சிலந்தி வர்ற கேம் இருக்கா?" வீடியோ கேம்களைப் பட்டியலிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகமோ, பள்ளியோ, நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் அலமாரியோ, கேம்கள் கொஞ்சம் சேர்ந்துவிட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டே ஆகவேண்டும். அந்த ஒருவராகப் பல வருடம் இருந்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும், பட்டியலில் தேடித் தோற்றுப் போனவர்களும் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை எழுதியிருக்கிறேன்.

1. பேர்தான் டப்பா மேலேயே பெருசா போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு இவ்வளவு எழுதணும்?

டூம் என்ற கேம் 1993-இல் வந்தது. 2016-இல் வந்த இன்னொரு கேமின் பெயரும் வெறும் டூம்தான். எண்ணும் கிடையாது, துணைத்தலைப்பும் கிடையாது. ப்ரே என்ற பெயரில் 2006-இல் ஒன்று, 2017-இல் ஒன்று. இந்த இரண்டுக்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரை மட்டும் எழுதி வைத்தால் எது எது என்று பட்டியல் போட்டவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

தேடி வருபவர்களில் சிலருக்குப் பெயர் தெரியும். சிலருக்குத் தங்களிடம் என்ன கன்சோல் (கேம் ஓடும் பெட்டி) இருக்கிறது என்பது மட்டும் தெரியும். மற்றவர்கள் மனதில் மங்கலாக ஒரு காட்சி மட்டும் மிச்சமிருக்கும். டப்பா மேல் உள்ள பெயர் முதல் வகையினருக்குத்தான் உதவும், அதுவும் எப்போதும் இல்லை (4-ஆம் கேள்வியைப் பாருங்கள்).

2. நேரமே இல்ல. குறைஞ்சது எதை எழுதினா போதும்?

கேமின் பெயர், எந்த இயந்திரத்தில் ஓடும் என்பது. இரண்டே இரண்டுதான் எழுத முடியும் என்றால் இவை இரண்டும். நேரம் கிடைக்கும்போது வெளியிட்ட நிறுவனம், உருவாக்கிய நிறுவனம், வருடம், டிஸ்க்கா கார்ட்ரிட்ஜா, எத்தனை பேர் ஆடலாம், வயது மதிப்பீடு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

புத்தகம் பட்டியலிட்டுப் பழகியவர்கள் கை தானாக ஆசிரியரைத் தேடும். இங்கே அந்த இடத்தில் இயந்திரத்தை வையுங்கள். புத்தகத்தைத் திறக்கக் கை போதும். கேமைத் திறக்க அதற்கென்றே ஒரு பெட்டி வேண்டும். தவறான பெட்டிக்கு உரிய டிஸ்க்கை வாங்கிப் போனவர் திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

3. பெயரை எங்கிருந்து எடுக்கறது? டப்பா ஒண்ணு சொல்லுது, டிஸ்க் ஒண்ணு சொல்லுது, ஓட்டிப் பார்த்தா வேற ஒண்ணு வருது.

முடிந்தால் திரையிலிருந்து எடுங்கள். கேமை ஓட்டினால் முதலில் நிறுவனங்களின் சின்னங்கள் வரும், பிறகு எச்சரிக்கை ஏதாவது வரும், அப்புறம் "ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்" என்று ஒரு திரை வந்து நிற்கும். அதில் இருப்பதுதான் தலைப்பு. ஒலி, ஒளிப் பொருட்களைப் பட்டியலிடுபவர்களின் அமைப்பான ஓலாக் வெளியிட்டிருக்கும் வீடியோ கேம் வழிகாட்டியும் தலைப்புத் திரைக்குத்தான் முதலிடம் தருகிறது. ஓட்டிப் பார்க்க வழியில்லை என்றால் டிஸ்க் அல்லது கார்ட்ரிட்ஜ் மேல் ஒட்டியிருப்பது, அதுவும் இல்லையென்றால் டப்பா. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்து வருபவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

திரையில் இருப்பதை அப்படியே எழுதினாலும் மக்கள் தேடும் வடிவத்தையும் மறக்கக் கூடாது. 2018-இல் வந்த சிலந்தி மனிதன் கேமின் முழுப் பெயர் மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன். சிவிலைசேஷன் வரிசையின் பெயர்கள் சிட் மையர்ஸ் என்றுதான் தொடங்கும். யாரும் 'மா' வரிசையிலோ 'சி'-யில் சிட்டைப் பிடித்தோ தேடப்போவதில்லை. இதற்கு நேர்மாறாக, 2019-இல் அன்டைட்டில்ட் கூஸ் கேம் என்று ஒன்று வந்தது. "பெயரிடப்படாத" என்பது பட்டியலாளர் போட்ட குறிப்பு இல்லை, அதுதான் பெயரே. பெயர் இல்லாத பொருள் என்று நினைத்து அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள்.

4. ஒரே கேமுக்கு ரெண்டு மூணு பேர் இருந்தா எதைப் போடறது?

கையில் இருக்கும் பிரதியில் உள்ளதைத் தலைப்பாகப் போடுங்கள், மற்ற எல்லாவற்றையும் மாற்றுத் தலைப்பாகச் சேருங்கள். நூலக மென்பொருளில் மார்க் 21 வடிவம் (ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண்ணிட்ட புலம் வைக்கும் பதிவு முறை) பயன்படுத்துபவர்களுக்கு முதலாவது 245 என்ற புலம், இரண்டாவது 246. மாற்றுத் தலைப்பு எத்தனை போட்டாலும் தவறில்லை. கஞ்சத்தனம் பார்க்க வேண்டாத இடம் இது.

நாட்டுக்கு நாடு பெயர் மாறுவது இந்தத் துறையில் சர்வ சாதாரணம். ரெசிடென்ட் ஈவில் ஜப்பானில் பயோஹசார்ட். 2017-இல் வந்த ஏழாவது பாகத்தில் வெளிநாட்டுப் பெயர் ரெசிடென்ட் ஈவில் 7: பயோஹசார்ட், ஜப்பானியப் பெயர் பயோஹசார்ட் 7: ரெசிடென்ட் ஈவில். வேண்டுமென்றே நம்மைச் சீண்டியது போல இருக்கும். இதைவிட மோசமான குழப்பம் எண்ணில் வரும். ஃபைனல் ஃபேன்டஸி வரிசையின் ஆறாவது கேம் 1994-இல் வட அமெரிக்காவில் மூன்று என்ற எண்ணோடு வெளியானது, ஏனென்றால் நடுவில் சில பாகங்கள் அங்கே வரவே இல்லை. 1990-இல் ஜப்பானில் வந்த உண்மையான மூன்று வேறு. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2 என்ற பெயரில் 1986-இல் ஜப்பானில் ஒரு கேம், 1988-இல் அமெரிக்காவில் முற்றிலும் வேறொரு கேம். இவற்றில் மாற்றுத் தலைப்பு மட்டும் போதாது. "இது அதுவல்ல" என்று குறிப்பே எழுத வேண்டும்.

ரோமன் எண்ணில் இருப்பதை 7, 8 என்றும் சேர்த்து எழுதுங்கள். தமிழில் பட்டியல் வைத்திருந்தால் இன்னொரு தலைவலியும் உண்டு: ஃபைனல் ஃபேன்டஸி, ஃபைனல் ஃபாண்டசி, பைனல் பேண்டஸி என்று ஒருவர் எழுதுவது போல் இன்னொருவர் எழுதமாட்டார். எனக்குத் தெரிந்த வழி, ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து தனித்தாளில் எழுதி வைப்பதும், மற்றவற்றை மாற்றுத் தலைப்பில் போட்டுவிடுவதும்தான்.

5. "இது பிஎஸ் ஃபைவ்ல ஓடுமா?"ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. அதை எப்படிப் பதியறது?

டப்பாவில் எந்த கன்சோலின் பெயர் இருக்கிறதோ அது பிளாட்ஃபார்ம். வேறு எதில் ஓடும் என்பது தனிக் குறிப்பு. இரண்டையும் கலக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, பிளேஸ்டேஷன் 5-இலும் ஓடும். ஆனால் டிஸ்க் போடும் இடமே இல்லாத பிளேஸ்டேஷன் 5-ம் விற்கிறது. மார்க்கில் 538 என்ற புலம் இந்தக் குறிப்புக்குத்தான். 753-இல் இயந்திரத்தின் பெயரைத் தனியாகப் போட்டால் அதை வைத்து வடிகட்டித் தேடலாம். பல நூலக மென்பொருள்கள் 753-ஐ வெளியே காட்டுவதில்லை. உங்களுடையது காட்டுகிறதா என்று முதலில் ஒரு பதிவு போட்டுச் சோதியுங்கள்.

'பிசி' என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். விண்டோஸா, மேக்கா, எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம் என்பதெல்லாம் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்; எடுத்து எழுதுங்கள். கூடுதல் கருவி தேவைப்பட்டால் அதையும் குறிப்பிடுங்கள். 2011-இல் வீ கன்சோலுக்கு வந்த செல்டா கேமான ஸ்கைவார்ட் ஸ்வோர்டை, மோஷன்பிளஸ் (கை அசைவைத் துல்லியமாக உணரும் கருவி) இல்லாத சாதாரண வீ ரிமோட்டை வைத்துக்கொண்டு ஆடவே முடியாது. மைன்கிராஃப்டிலோ ஜாவா பதிப்பு, பெட்ராக் பதிப்பு என்று இரண்டு. ஒன்றை வைத்திருப்பவர் மற்றதை வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து ஆட முடியாது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

6. ரீஜன் கோடுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது இப்பவும் முக்கியமா?

பழைய கேம்களுக்கு மிக முக்கியம், புதியவற்றுக்குக் குறைவு. முதல் இரண்டு பிளேஸ்டேஷன்களில் ஒரு பகுதிக்கான டிஸ்க் இன்னொரு பகுதி இயந்திரத்தில் ஓடாது. நின்டெண்டோ 3டிஎஸ்-உம் அப்படித்தான். அதற்குப் பின் வந்த ஸ்விட்ச்சில் அந்தப் பூட்டு இல்லை. புதிய கன்சோல்களில் டிஸ்க் ஓடினாலும், அதற்கான கூடுதல் பாகத்தை வேறு நாட்டுக் கணக்கில் வாங்கினால் ஒட்டாமல் போகலாம்.

எந்தப் பகுதிக்கு உரியது என்று தெரிய எளிய வழி டிஸ்க்கில் அச்சிட்ட வரிசைக் குறி. முதல் பிளேஸ்டேஷனில் எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கினால் வட அமெரிக்கா, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ் என்றால் ஜப்பான். விளக்கைப் பக்கத்தில் வைத்து, டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு எழுத்து சின்னது. ஆனாலும் அந்தக் குறியைத் தவறாமல் பதியுங்கள். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் போலக் கேம்களுக்கு உலகப் பொது எண் எதுவும் இல்லாத நிலையில், அதற்கு மிக அருகில் வருவது இதுதான். பார்கோடு எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். டப்பா தொலைந்தால் அதுவும் போய்விடும் என்பதுதான் சிக்கல்.

7. ஆசிரியர்னு யாரைப் போடறது?

உருவாக்கியவர் வேறு, வெளியிட்டவர் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ உருவாக்கியது ஸ்கொயர். 1997-இல் ஜப்பானுக்கு வெளியே பிளேஸ்டேஷனில் அதை வெளியிட்டது சோனி. 2003-இல் ஸ்கொயர், எனிக்ஸுடன் இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆகிவிட்டது. பழைய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு புதிய பெயரை எழுதாதீர்கள். டப்பாவில் உள்ளதை எழுதி, பெயர்களுக்கு இடையே இணைப்பு கொடுங்கள்.

தனி மனிதர் பெயர் டப்பாவிலோ தொடக்கத் திரையிலோ பெரிதாக இருந்தால், கேம் இயக்குநர் ஹிடியோ கொஜிமா போன்றவர்கள் விஷயத்தில் அப்படித்தான், அதைக் கூடுதல் பதிவாகச் சேருங்கள். அவர் பெயரைச் சொல்லித் தேடுபவர்கள் நிறைய. நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்த ஒன்றுக்கு ஒருவரை ஆசிரியராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

8. எந்த வருஷம்?

உங்கள் பிரதி வெளிவந்த வருடம் முதலில், கேம் முதன்முதலில் வெளிவந்த வருடம் குறிப்பில். திரையிலும் டப்பாவிலும் இருக்கும் காப்புரிமை ஆண்டு இரண்டுக்கும் பொருந்தாமல் போவதுண்டு.

முழுதாக முடிவதற்கு முன்பே விற்கப்படும் கேம்களில்தான் தகராறு. ஹேடிஸ் 2018 டிசம்பரிலேயே கிடைத்தது, முழு வெளியீடு 2020 செப்டம்பரில். பால்டர்ஸ் கேட் 3-க்கு 2020 அக்டோபர், 2023 ஆகஸ்ட். இரண்டு தேதியையும் எழுதி, எது எதற்கு என்று சொல்லிவிடுங்கள்.

9. ரீமாஸ்டர், ரீமேக், ஸ்பெஷல் எடிஷன்... எல்லாத்துக்கும் தனித்தனிப் பதிவா?

டப்பா வேறென்றால் பதிவு வேறு. சந்தேகம் வந்தால் தனியாகப் போடுவதே நல்லது. ஆனால் பதிவுகளுக்கு இடையே என்ன உறவு என்பதைச் சொல்லாவிட்டால் தேடுபவர் குழம்புவார். நூலகத் துறையில் படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, பிரதி என்று நான்கு அடுக்காகப் பிரிப்பார்கள். புத்தகத்துக்கு யோசித்த அடுக்குகள் கேமுக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகின்றன.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2014-இல் அதையே துல்லியம் கூட்டி பிளேஸ்டேஷன் 4-க்குக் கொடுத்தார்கள்: அது ரீமாஸ்டர், அதே படைப்பு. 2022-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு மறுபடி கட்டினார்கள், பெயரில் பார்ட் 1 என்று சேர்த்து. கதையும் காட்சிகளும் அதேதான் என்பதால் இதையும் நான் அதே படைப்பின் கீழ் வைக்கிறேன். ஆனால் 1998-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-க்கும் 2019-இல் வந்ததற்கும் கேமராக் கோணம் முதல் ஆடும் விதம் வரை எல்லாமே வேறு. அவற்றை இரண்டு படைப்பு என்கிறேன். கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால், "பழையதை ஆடக் கற்ற கை புதியதிலும் அப்படியே ஓடுமா?" என்று யோசிப்பேன். இது விதி இல்லை, என் வழக்கம்.

போகிமான் போன்றவை வேறு ரகம். 1996-இல் ரெட், கிரீன் என்று ஒரே நாளில் இரண்டு பதிப்பு வந்தது; ஒன்றில் பிடிக்க முடிகிற சில உயிரிகள் மற்றதில் கிடையாது. இரண்டுக்கும் தனிப் பதிவு கட்டாயம். ஒன்று என்று நினைத்துச் சேர்த்துவிட்டால், பதிப்பு பார்த்துத் தேடி வரும் பிள்ளை சும்மா விடாது.

10. ஒரே டப்பால அஞ்சு கேம் இருந்தா?

2007-இல் வந்த தி ஆரஞ்சு பாக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. உள்ளே ஹாஃப்-லைஃப் 2, அதன் இரண்டு எபிசோடுகள், டீம் ஃபோர்ட்ரஸ் 2, அப்புறம் போர்ட்டல். போர்ட்டல் முதன்முதலில் வெளிவந்ததே இந்தத் தொகுப்பில்தான். பதிவு டப்பாவின் பெயரில் ஒன்று போதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கேமின் பெயரையும் தேடலில் சிக்கும்படி போட வேண்டும். உள்ளடக்கக் குறிப்பில் வரிசையாக எழுதுவதோடு நிறுத்தாமல், கூடுதல் தலைப்பாகவும் சேருங்கள். போர்ட்டல் கேட்டு வருபவருக்கு ஆரஞ்சு டப்பா பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

11. இது ஆக்ஷனா, அட்வென்ச்சரா, ஆர்பிஜியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே!

சொல்லத்தான் செய்வார்கள். சினிமாவில் வகை என்பது பெரும்பாலும் கதையையும் மனநிலையையும் பொறுத்தது: திகில், நகைச்சுவை, காதல். கேமில் வகைப் பெயர்கள் பெரும்பாலும் கை என்ன செய்கிறது என்பதிலிருந்து வந்தவை: சுடுவது, ஓடித் தாவுவது, வண்டி ஓட்டுவது, திட்டமிடுவது. இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்தால் "திகில்" என்ற சொல் "பந்தயம்" என்ற சொல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். திகில் பந்தய கேம் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்?

எனவே கட்டங்களைப் பிரியுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று சியாட்டிலின் ஊடாடும் ஊடக அருங்காட்சியகத்தோடு சேர்ந்து உருவாக்கிய கேம் விவரத் திட்டம் இதைத்தான் செய்கிறது: ஆடும் வகை ஒரு கட்டம், கதை வகை ஒரு கட்டம், மனநிலை, கருப்பொருள், ஓவிய நடை, பார்க்கும் கோணம் எல்லாம் தனித்தனி. அத்தனையும் நிரப்ப உங்களுக்கு நேரம் இருக்காது. ஆடும் வகை, மனநிலை, கோணம் மூன்றையும் நிரப்பினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. சொற்களை நீங்களாகக் கண்டுபிடிக்காமல், ஓலாக் வைத்திருக்கும் கேம் வகைச் சொற்பட்டியல் போன்ற ஒன்றிலிருந்து எடுங்கள். நூலகங்கள் அலமாரியில் அடுக்கப் பயன்படுத்தும் டூயி எண் வகைப்பாட்டில் எல்லா மின்னணு விளையாட்டுகளும் 794.8-இல் விழுந்துவிடும், அது அலமாரிக்கு உதவும், தேடலுக்கு உதவாது.

வகைப் பெயர்கள் பழைய கேம்களின் பெயரிலிருந்து பிறப்பது இன்னொரு வேடிக்கை. 1980-இல் வந்த ரோக் என்ற கேமின் சாயலில் உள்ளவை ரோக்லைக். எது ரோக்லைக், எது இல்லை என்று முடிவு செய்ய 2008-இல் பெர்லினில் கூடி ஒரு வரையறையே எழுதினார்கள். சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. மெட்ராய்டும் காசில்வேனியாவும் சேர்ந்து மெட்ராய்ட்வேனியா. இந்தச் சொற்கள் தெரிந்தவர்களுக்கு இதைவிடத் துல்லியமான சொல் கிடையாது, தெரியாதவர்களுக்கு ஒன்றுமே புரியாது. சொல்லையும் போட்டு, அதை ஒரு வாக்கியத்தில் விளக்கியும் விடுங்கள். ஓடித் தாவும் கேமுக்கு பிளாட்ஃபார்மர் என்று பெயர் வைத்தவர் யாரோ, இயந்திரத்துக்கும் பிளாட்ஃபார்ம் என்றே பெயர் வந்துவிட்டதால் அந்தப் பாவம் நம்மைத்தான் சுற்றுகிறது.

12. பேரு ஞாபகம் இல்ல. கறுப்பு வெள்ளை, ஒரு சின்னப் பையன், பெரிய சிலந்தி துரத்தும். இருக்கா?

இப்படி ஒருவர் உண்மையாகவே கேட்டார். "முகம் தெரியாதுங்க. கண்ணு மட்டும் ரெண்டு புள்ளியா மின்னும்" என்று கண்ணுக்கு நேரே இரண்டு விரலை வைத்துக் காட்டினார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது: லிம்போ, 2010, பிளேடெட் நிறுவனம். பட்டியலில் 'சிலந்தி' என்று போட்டுப் பார்த்தேன், பூஜ்யம். 'கறுப்பு வெள்ளை', பூஜ்யம். நான் எழுதிய பதிவுதான். அதில் இருந்தது "புதிர், பிளாட்ஃபார்மர், ஒருவர் ஆடுவது" மட்டும். போதாக்குறைக்கு எங்களிடம் இருந்தது இன்சைடு, லிம்போ இரண்டும் சேர்ந்த தொகுப்பு. பதிவு இன்சைடு பெயரில் தொடங்கியது. 10-ஆம் பதிலில் மற்றவர்களுக்கு உபதேசம் செய்ததை நானே செய்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் மூன்று வரிச் சுருக்கம் எழுதுகிறேன். டப்பாவின் பின்பக்கத்தில் "மறக்க முடியாத சாகசம்" என்று இருக்கும். அதை எடுத்து எழுதிப் பயனில்லை, எல்லா டப்பாவிலும் அதுதான் இருக்கிறது. கண்ணில் பட்டதை எழுதுங்கள். யாராக ஆடுகிறோம், எங்கே, பக்கவாட்டில் பார்க்கிறோமா தோளுக்குப் பின்னாலிருந்தா, என்ன நிறம், என்ன துரத்துகிறது, கையில் என்ன இருக்கிறது. பொதுச்சொல்லை விடக் குறிப்பான சொல் மேல்: 'எதிரி' வேண்டாம், 'சிலந்தி' என்று எழுதுங்கள். ஆனால் கடைசியில் என்ன ஆகும் என்பதை எழுதாதீர்கள். முதல் ஒரு மணி நேர ஆட்டத்துக்குள் தெரிவதோடு நிறுத்திக்கொள்வது என் கணக்கு.

13. ஆடறவங்களே டேக் போட விட்டா என்ன? நமக்கு வேலை மிச்சமே.

கொஞ்சம் மிச்சம்தான். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2014-இல் பயனர்களே குறிச்சொல் போடும் வசதியைக் கொண்டுவந்தது. 11-ஆம் பதிலில் சொன்ன மாதிரியான மனநிலைச் சொற்கள் அதில் நிறையக் கிடைக்கும், எந்தப் பட்டியலாளரும் யோசித்திருக்க மாட்டார். கூடவே கிண்டல், கோபம், ஒரே சொல்லின் ஐந்து வடிவம் எல்லாம் வரும். அதை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, நல்லதைப் பொறுக்கி உங்கள் சொற்பட்டியலோடு இணையுங்கள். அப்படியே ஒட்டாதீர்கள்.

14. வயசு மதிப்பீடு எதைப் போடறது? டப்பால ஒண்ணு, இணையத்துல வேற ஒண்ணு.

டப்பாவில் இருப்பதை, அதைக் கொடுத்த அமைப்பின் பெயரோடு. வெறும் "16" என்று எழுதினால் அர்த்தம் இல்லை. வட அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி (1994) எழுத்துகளில் சொல்லும், அதன் 'எம்' 17 வயதுக்கு மேல். ஐரோப்பாவின் பெகி (2003) 3, 7, 12, 16, 18 என்று எண்ணில் சொல்லும். ஜப்பானின் செரோ மறுபடி எழுத்து. மதிப்பீட்டுக்குக் கீழே "வன்முறை, சூதாட்டம்" என்று காரணம் போட்டிருந்தால் அதையும் எடுத்து எழுதுங்கள். பெற்றோர் எண்ணைவிட அதைத்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று: மதிப்பீடு உள்ளடக்கத்துக்குத்தான், கடினத்துக்கு இல்லை. எல்லோருக்கும் ஏற்றது என்று குறித்த சதுரங்க கேமை ஆறு வயதுக் குழந்தை ஆடிவிடும் என்று பொருளல்ல.

15. "நாலு பேர் ஆடலாம்"னு போட்டிருந்துச்சு, வீட்டுக்குப் போனா ஒருத்தர்தான் ஆட முடியுது. ஏன்?

ஒரே சோபாவில் உட்கார்ந்து நாலு பேரா, நாலு வீட்டிலிருந்து இணையம் வழியாக நாலு பேரா என்று பதிவு சொல்லவில்லை. இரண்டும் தனித்தனி எண்கள். இணைய ஆட்டத்துக்குச் சந்தா வேண்டுமா என்பதும் வேண்டும். மொழியும் அப்படியே: பேச்சு, எழுத்து, மெனு மூன்றையும் பிரித்து எழுதுங்கள். பேச்சு ஜப்பானியம், எழுத்து ஆங்கிலம் என்ற கேம்கள் எத்தனையோ.

நிறக்குருடு உள்ளவர்களுக்கான அமைப்பு, பட்டன்களை மாற்றும் வசதி, வசன எழுத்தின் அளவு போன்றவற்றைப் பட்டியலில் பார்ப்பது அரிது. இவை தேவைப்படுபவருக்கு மற்ற எந்த விவரத்தையும்விட இதுதான் முதலில் தேவை. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-இல் இப்படி 60-க்கும் மேற்பட்ட அமைப்புகள் உண்டு. அத்தனையும் எழுத வேண்டாம். "பார்வை, செவி, கை இயக்கம் மூன்றுக்கும் வசதிகள் உண்டு" என்று ஒரு வரி போதும், இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

16. டப்பாவும் புத்தகமும் தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் மட்டும் வச்சுக்கலாமா? இடம் பத்தல.

வேண்டாம். 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிடில் ஒருவரை ரேடியோவில் அழைக்க வேண்டிவரும். அலைவரிசை எண் எங்கே என்று கேட்டால், "சிடி டப்பாவின் பின்பக்கம் பார்" என்பார்கள். கேமுக்குள் இருக்கும் ஏதோ டப்பா என்று நினைத்து மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. உங்கள் கையில் இருக்கும் நிஜ டப்பாதான் அது. பின்பக்கப் படத்தில் 140.15 என்று இருக்கும். 1990-இல் வந்த ஸ்டார்ட்ராபிக்ஸ் கேமோடு ஒரு காகிதக் கடிதம் வந்தது. அதைத் தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும், அது இல்லாமல் மேலே போக முடியாது.

எனவே டப்பாவும் கூட வந்த காகிதங்களும் கேமின் பாகங்கள். பதிவில் என்னென்ன கூட இருக்கிறது, என்ன காணவில்லை என்று எழுதுங்கள். இடம் இல்லாமல் டப்பாவைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால், அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்துப் பதிவோடு இணைத்துவிட்டுப் பிரியுங்கள்.

17. டப்பாவைத் திறந்தா டிஸ்க்கே இல்ல, ஒரு துண்டுச்சீட்டுதான் இருக்கு. இதை எப்படிப் பதியறது?

துண்டுச்சீட்டில் உள்ள குறியீட்டை ஒருவர் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்றால், இரவல் கொடுக்கும் இடத்துக்கு அது காலி டப்பாதான். "பதிவிறக்கக் குறியீடு மட்டும்" என்று தலைப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: கேம்-கீ கார்டு. கார்டு உண்மையான கார்டு, இரவலும் கொடுக்கலாம். ஆனால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும் இருக்கிறது. கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கம் கீழே அறிவிப்பு இருக்கும். வடிவத்தில் "கார்டு" என்று மட்டும் பதிந்தால் நாளைக்கு சர்வர் மூடும்போது பதிவு பொய்யாகிவிடும். 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளும் விற்பனையை நிறுத்தின. நாளைக்கு என்று நான் சொல்வது மிகை இல்லை.

18. அப்டேட் போட்டா கேமே மாறிடுதே. எந்தக் கேமைத்தான் பட்டியலிட்டேன் நான்?

டிஸ்க்கில் இருக்கும் பதிப்பை. 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை, 2018-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு நண்பர்களோடு சேர்ந்து ஆடும் கேமாகிவிட்டது. 2020-இல் வந்த சைபர்பங்க் 2077-இன் திறன் அமைப்பையே 2023-இல் 2.0 பதிப்பு மாற்றி எழுதியது. இணையம் இல்லாத இயந்திரத்தில் பழைய டிஸ்க்கைப் போட்டால் பழைய கேம்தான் வரும். மெனுவின் மூலையில் பதிப்பு எண் இருக்கும், பார்த்த தேதியோடு எழுதிவிடுங்கள். சுருக்கம் எந்தப் பதிப்பை ஆடி எழுதியது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

19. சர்வரை மூடிட்டாங்க, இனிமே அதை ஆடவே முடியாது. பட்டியல்லேருந்து எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள், திருத்துங்கள். தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நின்றன. தனியாக ஆடவும் சர்வர் வேண்டிய கேம் என்பதால் டிஸ்க் இருந்தும் பயனில்லை. அந்தப் பதிவில் "ஆட இயலாது" என்று தேதியோடு முதல் வரியில் போட்டு, கிடைக்கும் தொடர்ச்சிக்கு இணைப்பு கொடுத்தால் தேடி வருபவருக்குப் பதில் கிடைத்துவிடும். பதிவே இல்லையென்றால் அப்படி ஒரு கேம் இருந்ததா என்றே சந்தேகப்படுவார்.

கையில் கிடைக்காதவற்றுக்கும் விவரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையில் இல்லை.

20. இதெல்லாம் யாரோ ஏற்கெனவே எழுதி வச்சிருப்பாங்களே, எடுத்துப் போட்டுக்கலாமா?

மோபிகேம்ஸ் என்ற கேம் தரவுத்தளம் இணையத்தில் 1999 முதல் இருக்கிறது. எந்த நாட்டில் என்ன பெயரில் எப்போது வந்தது என்பதற்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கிடேட்டாவின் தரவைத் தடையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் உரிமம் பார்த்து எடுக்க வேண்டும். இரண்டின் அடையாள எண்ணையும் உங்கள் பதிவில் போட்டு வைத்தால், பிறகு யாராவது திருத்தும்போது உங்களுக்கும் வழி தெரியும்.

ஆனால் அங்கே இருப்பது கேமைப் பற்றிய விவரம். உங்கள் அலமாரியில் இருப்பது ஒரு பிரதி. எந்தப் பகுதிக்கு உரியது, எந்தப் பதிப்பு, கூட என்ன இருக்கிறது (6, 16, 18) என்பதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுத முடியாது. டப்பாவைத் திறந்தும் பாருங்கள். ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டிஸ்க் இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

21. எங்ககிட்ட மொத்தமே முப்பது கேம்தான். எக்செல் போதாதா?

தாராளமாகப் போதும். ஒரு வரிசைக்கு ஒரு பிரதி. பெயர், மாற்றுப் பெயர்கள், இயந்திரம், பகுதி, வருடம், வெளியீட்டாளர், வகை, ஆடுவோர் எண்ணிக்கை, மதிப்பீடு, மூன்று வரிச் சுருக்கம் என்று நெடுக்கில் கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு விவரம் மட்டும் வையுங்கள், பின்னால் நூலக மென்பொருளுக்கு மாறும்போது கஷ்டப்பட மாட்டீர்கள். என் தாளில் கடைசியாக இன்னொரு கட்டமும் வைத்திருக்கிறேன்: 'எப்படிக் கேட்டார்கள்'. கேட்டவர் சொன்னதைச் சொன்னபடியே அதில் எழுதிவிடுவேன், அடுத்த முறை அந்த வார்த்தையைத் தட்டினாலே கேம் வந்துவிடும். போன வாரம் அதில் சேர்ந்தது: "ஒரு வாத்து, ஊர்ல இருக்கற எல்லார் சாமானையும் தூக்கிட்டு ஓடும்."